புகை வராத நாள்: ழான் எப்ஸ்டைனின் தீவுகளில்

செப்டம்பர் 9, பிரெஸ்ட்

ரயிலை விட்டு இறங்கும்போதே மழை. குடை பிடித்துப் பயனில்லை, இங்கே மழை பக்கவாட்டில் அடிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்து, பிறகு கான்கிரீட்டில் திரும்பக் கட்டிய ஊர் இது. தெருக்கள் நேர்கோடாக ஓடி துறைமுகத்தில் முடிகின்றன. முதல் பார்வையில் மனதுக்குப் பிடிக்காது என்றுதான் எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

இரவு ஒரு சின்னக் கடையில் பாப்பரை (பக்வீட்) மாவில் சுட்ட கலெத் சாப்பிட்டேன். நம்ம ரவா தோசை கனத்துக்கு மொறுமொறுவென்று, நடுவில் முட்டை, சீஸ், பன்றி இறைச்சி, 11 யூரோ. கூடவே பீங்கான் கிண்ணத்தில் ஆப்பிள் மது. பரிமாறிய பெண் நான் வெஸ்ஸான் தீவுக்குப் போவதைக் கேட்டதும், "தொப்பி எடுத்துப் போகாதீர்கள், பறந்துவிடும். காதை இறுக்கி மூடுகிற மாதிரி ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். வாங்கிக்கொண்டேன். இந்தப் பயணத்தில் செலவழித்ததிலேயே உருப்படியான 9 யூரோ அதுதான்.

எதற்காக வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ழான் எப்ஸ்டைன் என்று ஒரு இயக்குநர். 1897இல் வார்சாவில் பிறந்தவர், அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா போலந்துக்காரர். லியோன் நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போனார், அங்கே சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களில் ஒருவரான ஓகுஸ்த் லூமியேரிடம் உதவியாளராக வேலை பார்த்தார், கவிதைப் பைத்தியம் பிடித்தது, பிறகு சினிமாப் பைத்தியம். 1921இல், 24 வயதில், சினிமாவுக்கு வணக்கம் சொல்லி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அடுத்த ஆண்டே லூயி பாஸ்டர் பற்றி ஒரு படத்தில் சேர்ந்து வேலை. 1923இல் மார்செய் துறைமுகத்தை வைத்து 'கர் ஃபிதேல்'. அதில் ராட்டினம் சுற்றும் காட்சியில் காமிராவையும் ராட்டினத்தில் ஏற்றிச் சுற்றவிட்டார், இன்றைக்குப் பார்த்தாலும் வயிற்றைப் புரட்டும். ஆபெல் கான்ஸ், ழெர்மென் துலாக், மார்செல் லெர்பியே ஆகிய அந்தக் காலப் பிரெஞ்சு இயக்குநர்களோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பெயர். 1928இல் எட்கர் ஆலன் போ கதையை வைத்து 'ஆஷர் மாளிகையின் வீழ்ச்சி'. அதில் உதவி இயக்குநராக இருந்த இளைஞர், பின்னாளில் பெரிய இயக்குநரான லூயி புனுவேல், சண்டை போட்டுக்கொண்டு பாதியில் போய்விட்டார். திரைப்படக் கல்லூரிப் பாடங்களில் எப்ஸ்டைன் கதை பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் அதே 1928இல் அவர் ஸ்டுடியோவை விட்டுவிட்டு, பிரான்ஸின் மேற்குக் கோடியில் இருக்கும் இந்தத் தீவுகளுக்கு வந்து, நடிக்கவே தெரியாத மீனவர்களை வைத்துப் படமெடுத்தார். அதன் பிறகும் திரும்பத் திரும்ப வந்தார். நான் பார்க்க விரும்பியது அந்த இரண்டாம் பாதியை.

செப்டம்பர் 10, லெ கோங்கே, மொலேன்

லெ கோங்கே சின்னத் துறைமுகம். இந்த ஊரில் ஒரு காலத்தில் அயோடின் தொழிற்சாலை இருந்தது. அயோடின் எங்கிருந்து வந்தது என்றால் கடற்பாசியிலிருந்து. தீவுகளில் பாசியை அறுத்து, காயவைத்து, தரையில் கல் பாவிய நீளக் குழிகளில் போட்டு நாள் முழுக்க எரிப்பார்கள். உருகி இறுகும் சோடாக் கட்டிகளைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து எடுத்த அயோடின் மருந்துக்குப் போகும், புண்ணில் தடவுவதற்கு.

எப்ஸ்டைனின் 'ஃபினிஸ் தெர்ரே' (1929) இந்தப் பாசி எரிப்பவர்களைப் பற்றிய படம். வெஸ்ஸான் தீவிலிருந்து நாலு பேர் மூன்று மாதம் தங்கிப் பாசி எரிக்க, ஆளில்லாத பானெக் திட்டுக்கு வருகிறார்கள். அம்புருவாஸ் என்ற இளைஞனுக்கு உடைந்த பாட்டில் கண்ணாடி பட்டுக் கட்டைவிரலில் வெட்டு. கத்தி காணாமல் போனதை வைத்து நண்பன் ழான்-மரியோடு தகராறு வேறு. விரல் சீழ் பிடிக்கிறது, காய்ச்சல் ஏறுகிறது. காற்றே இல்லை, பாய்மரப் படகு நகராது. இதுதான் கதை. பாரிஸில் உட்கார்ந்து பார்த்தபோது, கட்டைவிரல் வெட்டுக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கும் தோன்றியது. உலகத்துக்கெல்லாம் புண் மருந்து எரித்து அனுப்புகிற இடத்தில் ஒருவன் விரல் அழுகிக் கிடக்கிறான் என்பது அப்போது உறைக்கவில்லை, இன்று துறைமுகத்தில் நின்றபோதுதான் உறைத்தது.

படகு மொலேனில் நின்றது. சுற்றி வர ஒரு மணி நேரம் கூட ஆகாத தீவு. 1896இல் 'டிரம்மண்ட் காஸில்' என்ற ஆங்கிலக் கப்பல் இங்கே பாறையில் மோதி மூழ்கியது, பிழைத்தவர்கள் மூன்றே பேர். கரை ஒதுங்கிய உடல்களைத் தீவுக்காரர்கள் தங்கள் சொந்தத் துணிகளில் சுற்றி அடக்கம் செய்தார்களாம். நன்றிக்கு விக்டோரியா அரசி ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்திருக்கிறார். குடிநீர் இல்லாத தீவுக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது.

மதியம் கடற்பாசிப் புகையில் வாட்டிய சாசேஜ், உருளைக்கிழங்கு மசியல். கருவாட்டு வாசம் லேசாக, அதோடு மருத்துவமனை வாசமும் ஒரு துளி. முதல் துண்டு விழுங்கச் சிரமமாக இருந்தது, மூன்றாவது துண்டில் இன்னொன்று கேட்கலாமா என்று யோசித்தேன். கடைக்காரர் கேட்காமலேயே கொண்டுவந்து வைத்தார், பில்லில் சேர்க்கவில்லை.

செப்டம்பர் 11, வெஸ்ஸான்

மொலேனுக்கும் வெஸ்ஸானுக்கும் நடுவில் ஃப்ரோம்வர் என்கிற கடல் பாதை. ஐரோப்பாவிலேயே வேகமான நீரோட்டங்களில் ஒன்று. கடல் அலையடிக்காமல், ஆறு மாதிரி ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடுகிறது, நடுநடுவே கொதிக்கிற மாதிரி சுழிகள். பானெக் தூரத்தில் தட்டையாகத் தெரிந்தது. இப்போது அது பாதுகாக்கப்பட்ட பகுதி, பறவைகளுக்கும் சீல்களுக்கும் மட்டும்தான், நம்மால் இறங்க முடியாது. இந்த நீரோட்டத்தில்தான் ழான்-மரி, காய்ச்சலில் கிடக்கும் நண்பனைப் போட்டுக்கொண்டு துடுப்பு வலிக்கிறான். எஞ்சின் வைத்த எங்கள் படகே திமிறியது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் என் மடியில் வைத்தார். தேவைப்பட்டது.

இங்கே ஒரு பழமொழி உண்டு: மொலேனைப் பார்த்தவன் தன் வேதனையைப் பார்ப்பான், வெஸ்ஸானைப் பார்த்தவன் தன் ரத்தத்தைப் பார்ப்பான், சேனைப் பார்த்தவன் தன் முடிவைப் பார்ப்பான்.

தீவு சுமார் 8 கிலோமீட்டர் நீளம், 4 கிலோமீட்டர் அகலம். மரங்கள் அபூர்வம், காற்று விடாது. சைக்கிள் வாடகை நாளுக்கு 15 யூரோ. எதிர்க்காற்றில் மேட்டை விட்டு இறங்கும்போதும் மிதிக்க வேண்டியிருந்தது, செயின் வேறு இரண்டு முறை கழன்றது. லம்போல் ஊரின் கல்லறையில் ப்ரோயெல்லா நினைவிடம் பார்த்தேன். கடலில் போய்த் திரும்பாத மாலுமிக்கு உடல் இல்லையே, அதனால் மெழுகில் ஒரு சின்னச் சிலுவை செய்து, வீட்டில் ஒரு இரவு முழுக்க உறவினர் சுற்றி உட்கார்ந்து காத்து, மறுநாள் அதற்கே சடங்கெல்லாம் செய்வார்கள். அந்தச் சிலுவைகள் கடைசியில் வந்து சேரும் இடம் இது. ஆண்கள் வருடக்கணக்கில் கப்பலில், பெண்கள்தான் நிலத்தை உழுதார்கள், ஆடு மேய்த்தார்கள், தீவை நடத்தினார்கள். 'ஃபினிஸ் தெர்ரே'யில் கறுப்பு உடுப்பில் கரையோரம் நடக்கும் அந்த அம்மாக்களின் நடை ஏன் அப்படி இருக்கிறது என்று இங்கே வந்தால் கேட்கவே வேண்டாம்.

இரவு க்ரேயாக் கலங்கரை விளக்கம் வரை நடந்தேன். பத்து விநாடிக்கு இரண்டு மின்னல். வெளிச்சம் தலைக்கு மேலே துடைத்துக்கொண்டு போகும்போது தரையில் உள்ள புல்கூடத் தெரிகிறது.

செப்டம்பர் 12, வெஸ்ஸான்

இன்று கிளம்ப வேண்டியது. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர் வீடு இல்லை. மூடுபனி. படகு ரத்து, நாளைக்கும் சந்தேகம் என்று துறையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நான் தங்கியிருந்த அறையை வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள், பெட்டியோடு தெருவில் நின்றேன். அடுத்த தெருவில் வீட்டின் பின்னறையை வாடகைக்கு விடும் ஒரு பாட்டி இருக்கிறார் என்று ரொட்டிக் கடையில் சொன்னார்கள். வயது எழுபதுக்கு மேல். கதவைத் திறந்து என் ஷூவைப் பார்த்து, "முதலில் அதைக் கழற்றிக் காய வையுங்கள், பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்றார். கடைசியில் 45 யூரோவுக்கு அறை, அதில் இரவுச் சாப்பாடும் அடக்கம்.

சாப்பாடு என்றால் சாதாரணச் சாப்பாடு இல்லை. இரும்புச் சட்டியில் ஆட்டுக்கறி, உருளை, கேரட், வெங்காயம் போட்டு மூடி, எரியும் புல்கட்டியை, அதாவது வேரும் மண்ணுமாக வெட்டியெடுத்த தரையை, சட்டியைச் சுற்றியும் மேலேயும் அடுக்கி, மணிக்கணக்கில் புகையவிடுகிறார்கள். கறி கரண்டி பட்டாலே பிரிகிறது. மண்வாசம் உள்ளே இறங்கியிருக்கிறது. மதியமே பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் மூட்டியதாம், மூடுபனி நாளில் வேறு என்ன வேலை என்றார்.

ஏன் வந்தீர்கள் என்று பாட்டி கேட்டார். சொன்னேன். எப்ஸ்டைன் பெயர் அவருக்குத் தெரியவில்லை, ஆனால் "தாத்தா காலத்தில் பாரிஸ்காரர் ஒருவர் வந்து படம் பிடித்தார் என்று சொல்வார்கள்" என்றார். மடிக்கணினியில் படம் இருந்தது. சமையலறை மேசையில் வைத்துப் போட்டேன். ஊமைப்படம், இசையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார், பேசிக்கொண்டே பார்க்க வேண்டுமாம்.

அவர் பார்த்த விதத்தை எழுதிவைக்க வேண்டும். கட்டைவிரல் வீங்கும் க்ளோஸ்-அப்பில் அவர் முகம் சுளிக்கவில்லை, "இரண்டாம் நாளே கடல் தண்ணீரைக் காய்ச்சி விரலை முக்கியிருக்க வேண்டும்" என்றார். கடல் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும் காட்சி, எனக்கு அழகாகப் பட்ட காட்சி, அவருக்குப் பயமாக இருந்தது. புயல் என்றால் அடங்கும் என்று காத்திருக்கலாம், காற்று செத்துப் போனால் எதற்குக் காத்திருப்பது என்றார். அப்புறம் அந்த இடம் வந்தது: வெஸ்ஸான் கரையில் நிற்கும் பெண்கள் பானெக் பக்கம் பார்க்கிறார்கள், எழ வேண்டிய புகை எழவில்லை, அங்கே ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்துகொண்டு டாக்டரிடம் ஓடுகிறார்கள். பாட்டி மேசையில் கையைத் தட்டி, "ஆமாம், ஆமாம், இதுதான்" என்றார். தன் பாட்டியும் இப்படித்தானாம், காலையில் எழுந்ததும் முதல் வேலை மொலேன் பக்கத்துத் திட்டுகளில் புகை எண்ணுவது, அதற்குப் பிறகுதான் காபி.

நான் இந்தப் படத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன். புகையை எண்ணுவது கதைக்காக யோசித்தது என்றே நினைத்திருந்தேன்.

டாக்டர் ஒரு படகில் கிளம்ப, ழான்-மரி எதிர்ப்பக்கத்திலிருந்து வர, இரண்டு படகும் மூடுபனியில் ஒன்றையொன்று தேடுகின்றன. வெளியே எங்கள் ஜன்னலிலும் அதே பனி. டாக்டர் படகிலேயே விரலைக் கீறிச் சீழை எடுக்கிறார். மருத்துவம் படித்த ஒருவர் எடுத்த படம் என்பதை இந்த இடத்தில் நான் மறக்கவே மாட்டேன். காமிரா அந்த விரலை அருவருப்போடும் பார்க்கவில்லை, அனுதாபத்தைக் கொட்டியும் பார்க்கவில்லை, நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கும் டாக்டரின் கண் அது. அதே கண்ணால்தான் அலையையும் பார்க்கிறார், பாசியையும் பார்க்கிறார். நடிகர்களின் அசைவை இயல்பைவிடச் சற்று மெதுவாக்கியிருக்கிறார், ஸ்லோ மோஷன் என்று கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. நடிக்கத் தெரியாதவர்களின் முகத்தில் ஒரு நினைப்பு வந்து போவதைப் பிடிக்க அந்தக் கூடுதல் நேரம் தேவைப்பட்டிருக்கிறது. ஸ்டுடியோவில் 'ஆஷர்' படத்துக்குத் திரைச்சீலையும் மெழுகுவத்தியும் புகையும் வைத்து அவர் தேடியது இங்கே ஒரு செலவும் இல்லாமல் கிடந்தது என்று நினைக்கிறேன். அவருடைய உச்சம் இந்தத் தீவுப் படங்கள்தான், 'ஆஷர்' அல்ல. இதை யாரோடு வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசத் தயார்.

செப்டம்பர் 15, சேன்

படகு கிளம்பி, கரையேறி, பஸ் மாறி, ஓதியேர்னில் ஒரு நாள் துணி துவைத்து, இன்று சேன். ஒரு மணி நேரப் பயணம், வலப்பக்கம் ரா முனை. தீவு கடல் மட்டத்துக்கு மேலே சராசரியாக ஒன்றரை மீட்டர்தான். தூரத்திலிருந்து பார்த்தால் வீடுகள் தண்ணீரில் நிற்கின்றன. கார் இல்லை, வருகிறவர்களுக்குச் சைக்கிளும் கூடாது. தெருக்கள் ஒரு மரப்பீப்பாய் உருளும் அகலம், காற்று உள்ளே நுழையாமலிருக்க அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

1930இல் எப்ஸ்டைன் இங்கே 'மோர் வ்ரான்' எடுத்தார், அரை மணி நேரத்துக்கும் குறைவான படம். பிரெஸ்ட் சந்தையில் ஒரு மாலுமி மாலை ஒன்று வாங்குகிறான், பிறகு புயல், உடல் கரை ஒதுங்குகிறது. அவ்வளவு சின்னக் கதை, மீதி எல்லாம் கடலும் கல்லறையும். அடுத்து ஓயெதிக் தீவில் 'கடல்களின் தங்கம்'. ஊரே ஒதுக்கிவைத்த ஏழைக் கிழவனுக்குக் கரையில் ஒரு பெட்டி கிடைத்ததும் ஊரே உறவு கொண்டாட வரும் கதை, நடித்தவர்கள் தீவுக்காரர்கள். பணத்துக்கு வேறு வணிகப் படங்களும் எடுத்தார். தன் பெயரிலேயே தொடங்கிய படக்கம்பெனி முன்னமே நொடித்துப் போயிருந்தது.

சேனைப் பற்றி இன்னொன்று. 1940 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி தெ கோல் லண்டனிலிருந்து வானொலியில், ஜெர்மனியை எதிர்த்துத் தொடர்ந்து போரிட வாருங்கள் என்று அழைத்ததும், இந்தத் தீவின் ஆண்கள் நூறு பேருக்கு மேல் படகேறி இங்கிலாந்து போய்விட்டார்கள். அந்த வருடங்களில் எப்ஸ்டைனும் தங்கை மரியும் யூத வம்சாவளி என்பதால் படம் எடுக்க முடியாமல் செஞ்சிலுவைச் சங்கத்தில் வேலை பார்த்தார்கள். நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோ இருவரையும் பிடித்தது, நண்பர்களும் செஞ்சிலுவைச் சங்கமும் தலையிட்டதால் நாடு கடத்தப்படாமல் தப்பினார்கள். தான் படம் பிடித்த மீனவர்கள் கடல் தாண்டிப் போன செய்தி அவர் காதுக்கு எட்டியிருக்குமா என்று துறைமுகச் சுவரில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன்.

மதியம் சிங்கி இறால் குழம்பு 38 யூரோ. விலையைப் பார்த்து மீன் சூப் கேட்டேன், 12 யூரோ. பக்கத்து மேசைத் தம்பதி தங்கள் சட்டியிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து என் பக்கம் நகர்த்தினார்கள், இரண்டு பேருக்கு இது அதிகம் என்று சொல்லி. அதிகமாக எல்லாம் இல்லை.

செப்டம்பர் 18, பெல்-ஈல்

வெயில்! பெரிய தீவு, சுற்றுலாக் கூட்டம், ஐஸ்கிரீம் 4 யூரோ. 1886இல் ஓவியர் மோனே வந்து வரைந்த போர்-கொத்தோன் பாறைகளில் எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு முழுக்க வலி, முழங்கால் வேறு வீங்கியிருந்தது, இருந்தாலும் பூலேன் முனை வரை நடந்தேன்.

போருக்குப் பிறகு எப்ஸ்டைன் இங்கே வந்தார். 1947இல் 'லெ தம்பெஸ்தேர்', இருபது நிமிடச் சொச்சம். காதலன் கடலுக்குப் போயிருக்க, காற்று ஏற ஏற ஒரு பெண் நிலைகொள்ளாமல், காற்றை அடக்கத் தெரிந்த கிழவரைத் தேடிப் போகிறாள். கிழவர் கண்ணாடி உருண்டைக்குள் ஊதுகிறார், அலைகள் பின்னோக்கி ஓடுகின்றன. அதைவிடப் பெரிய விஷயம் சத்தம். காற்றின் ஒலியை மெதுவாக்கி ஓடவிட்டு, நம் காது பிரித்தறியாத முனகல்களையும் இரைச்சல்களையும் தனித்தனியாகக் கேட்கவைத்தார். இரண்டு தசாப்தம் முன்னால் முகத்துக்குச் செய்ததைக் காற்றுக்குச் செய்தார். இன்று முனையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன், நிஜக் காற்றில் அந்த அடுக்குகள் உண்மையிலேயே இருக்கின்றன. அடியில் ஒரு தாழ்ந்த உறுமல், மேலே புல்லின் விசில், நடுவில் பாறைப் பொந்துகள்.

1953 ஏப்ரலில் பாரிஸில் இறந்துவிட்டார், வயது 56. மறக்கப்படத்தான் இருந்தார். மரி விடவில்லை. அண்ணனின் ஆரம்பகாலப் படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர், 'கர் ஃபிதேல்' படத்தில் கால் ஊனமான பக்கத்து வீட்டுப் பெண்ணாக நடித்தவரும் அவர்தான். பிறகு பல ஆண்டுகள் பிரெஞ்சு சினிமாதெக் என்ற திரைப்படக் காப்பகத்தில் உட்கார்ந்து ஊமைப்படங்களைச் செப்பனிட்டார், அண்ணனுடையதை மட்டுமல்ல, கான்ஸ் முதலானவர்களின் படங்களையும். 1995 வரை இருந்தார். அவரும் இயக்குநர்தான், இயக்குநர் ழான் பெனுவா-லெவியோடு சேர்ந்து 1933இல் 'லா மத்தெர்னெல்' எடுத்தவர், அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 2014இல் எப்ஸ்டைன் படங்களின் பெரிய டிவிடி தொகுப்பு ஒன்று பிரான்ஸில் வந்தது, கிடைத்தால் வாங்கிவிடுங்கள். முதலில் 'லெ தம்பெஸ்தேர்', ஹெட்போன் கட்டாயம். அடுத்து 'ஃபினிஸ் தெர்ரே', நடுவில் நிறுத்தாமல். 'ஆஷர்' கடைசியில் பார்த்தால் போதும்.